ஆள் நடமாட்டம் இல்லாத ஆட்டம்

"மாமா, இதுல ஒண்ணுமே இல்ல. சும்மா நடக்கான். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு தீவுல நடந்துகிட்டே இருக்கான்."

விடுமுறைக்குத் திசையன்விளை வந்திருந்த என் அக்கா மகன் கணினித் திரை முன்னால் உட்கார்ந்து அலுத்துக்கொண்டான். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அது. திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் பச்சை வேட்டியும் செருப்பில்லாத காலுமாய்த் தெரு வழியே போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே கட்டிலில் என் அம்மா. போன வருசம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளுக்கு நடமாட்டம் இல்லை.

பையன் சொன்னதில் ‘நடமாட்டம்’ என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அந்த வகை ஆட்டத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "வாக்கிங் சிமுலேட்டர்" என்றான். பெயரைச் சொன்ன தொனியிலேயே அது ஒரு வசவு என்று புரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருசமாக உலகமெங்கும் ஆட்டக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பெயர் இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதன் வரலாற்றைத் தேடிப் போனபோது, ஆங்கிலத்தில் வசவாகப் பிறந்த ஒன்று தமிழுக்குள் கால் வைத்ததும் வசவாக நிற்கவே முடியவில்லை என்று கண்டேன். அந்த வியப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘சிமுலேட்டர்’. லத்தீனில் ‘போன்ற’ என்று பொருள்படும் சிமிலிஸ் என்ற சொல்லின் வழி வந்தது. போலச் செய்து காட்டும் கருவி. 1929இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தம் தந்தையின் ஆர்கன் தொழிலகத்தில் பழகிய துருத்தி நுட்பத்தைக் கொண்டு, தரையை விட்டு எழாமலே விமானம் போலச் சாய்ந்து திரும்பும் ஒரு பெட்டியைச் செய்தார். விமானிகள் அதில் உட்கார்ந்து பழகினார்கள். 1982இல் மைக்ரோசாஃப்ட்டின் ஃபிளைட் சிமுலேட்டர் வீட்டுக் கணினிக்கு வந்தது. 1989இல் சிம்சிட்டி வந்து, நகரத்தையே கட்டிப் பார்க்கச் சொன்னது. பிறகு லாரி ஓட்ட ஒன்று, வயல் உழ ஒன்று என்று பெருகின. எல்லாவற்றிலும் ஒரு பொதுக்கணக்கு உண்டு. சாதாரண ஆளால் எளிதில் செய்ய முடியாததை, அல்லது செய்தால் உயிருக்கோ காசுக்கோ கேடு வரக்கூடியதை, போலச் செய்து பார்க்க உதவுவது சிமுலேட்டர்.

அப்படியானால் நடப்பதற்கு எதற்குச் சிமுலேட்டர்? வசவின் முள் இங்கேதான் இருக்கிறது. நடப்பது எவனும் செய்யக்கூடியது, அதற்கு ஒரு கருவியா, அதற்கு ஒரு விலையா என்று அந்தப் பெயர் கேட்கிறது. ‘நடை’ என்பதன் பக்கத்தில் ‘சிமுலேட்டர்’ என்ற பெரிய சொல்லை நிறுத்தியதே கேலி.

அந்தக் கேலி யாரை நோக்கி எறியப்பட்டது? 2008இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த டான் பின்ச்பெக், ஹாஃப்-லைஃப் 2 என்ற சுடும் ஆட்டத்தின் அடித்தளத்தை எடுத்து, அதிலிருந்து துப்பாக்கியை நீக்கினார், எதிரியை நீக்கினார், புதிரை நீக்கினார். எஞ்சியது ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் பக்கத்து ஆளில்லாத தீவு ஒன்றும், நடக்கும் கால்களும், ஒரு குரலும். எஸ்தர் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதங்களைத் துண்டு துண்டாக அந்தக் குரல் வாசிக்கும். எந்தத் துண்டு எப்போது வரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். ராபர்ட் பிரிஸ்கோ தீவை அழகுற மறுபடி வரைய, ஜெசிகா கரியின் இசையோடு 2012 பிப்ரவரி 14இல் டியர் எஸ்தர் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பணம் போட்டவர்களுக்கு முதல் சில மணி நேரத்திலேயே போட்டது திரும்பிவிட்டது. பையன் அலுத்துக்கொண்டது இந்தத் தீவில்தான். இதில் ஓட முடியாது. ஓடுவதற்கு விசையே வைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கான் ஹோம். 1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மழை இரவு. வெளிநாட்டுப் பயணம் முடிந்து வீடு திரும்பும் மூத்த மகள். வீட்டில் யாரும் இல்லை. அலமாரியைத் திறக்கிறாள், கசங்கிய தாளை எடுத்து வாசிக்கிறாள், தங்கைக்கு என்ன ஆயிற்று என்று மெல்ல மெல்லத் தெரிகிறது. பேய் வரும் வரும் என்று வீடு மிரட்டுகிறது. பேய் வரவில்லை, ஒரு பெண்ணின் காதல் கதை வருகிறது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்தார்கள். ஆட்டக்காரர்களில் ஒரு பெருங்கூட்டம் கொதித்தது. இருபது டாலர் கொடுத்து வாங்கினால் இரண்டு மணி நேரத்தில் முடிகிறது, வெல்லவும் ஒன்றுமில்லை தோற்கவும் ஒன்றுமில்லை, இது ஆட்டமே இல்லை என்றார்கள். 2014 பிப்ரவரியில் ஸ்டீம் என்ற இணையக் கடை, வாங்குகிறவர்களே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அடையாளச் சொல் ஒட்டலாம் என்று அனுமதித்தது. அதுவரை வாய்ச்சண்டையில் கிடந்த ‘வாக்கிங் சிமுலேட்டர்’ கடையின் அலமாரிச் சீட்டாக ஏறியது அப்போதுதான். திட்டுவதற்கு ஒருவர் ஒட்டினார். தேடுவதற்கு இன்னொருவர் அதே சீட்டைப் பயன்படுத்தினார். ‘எனக்கு இந்த மாதிரி மெதுவான கதை ஆட்டம் இன்னும் வேண்டும், எங்கே கிடைக்கும்’ என்று வருகிறவருக்கு அந்த வசவுதான் வழிகாட்டிப் பலகையாக நின்றது. வசவு பெயராக மாறிய இடம் அது.

இதற்கு நம் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லை நன்னூலார் குழூஉக்குறி என்பார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. ‘வாக்கிங் சிமுலேட்டர்’ பிறந்தது அப்படி ஒரு குழூஉக்குறியாக. ஆனால் அந்த ஆட்டங்களுக்கு நான் கொடுக்க விரும்பும் இடம் இன்னொன்று, இலக்கணப்போலி. இல்லத்தின் முன்புறத்தை ‘இல்முன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘முன்றில்’ என்று புரட்டிச் சொன்னார்கள். இலக்கணப்படி வரவில்லை என்றாலும் இலக்கணமுடையது போலவே சான்றோர் ஏற்று வழங்கியதால் அது வழுவில்லை என்று நன்னூல் தள்ளாமல் வைத்துக்கொள்கிறது. இங்கே போலி என்பது ஏமாற்று இல்லை, ‘போல நிற்பது’ என்றுதான் பொருள். சிமிலிஸும் அதேதான். ஆட்டத்துக்கு வெற்றி வேண்டும், புள்ளி வேண்டும், எதிரி வேண்டும் என்ற இலக்கணப்படி டியர் எஸ்தர் வரவில்லை. வராமலே ஆட்டம் போல நின்று ஏற்கப்பட்டுவிட்டது. 2017இல் வந்த வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச், ஒரு பாழடைந்த வீட்டில் செத்துப்போனவர்களின் அறை அறையாக நடந்து போகிற கதை. 2018இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக் குழு அதையே அந்த ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்ந்தது. முன்றில் ஊர்ச்சொல் ஆனது போலத்தான்.

ஆட்டக்காரர்களின் குறைகளை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல, அவ்வளவுதான். ‘சீக்கிரம் முடிகிறது’ என்ற குறை எனக்கு ஏறவில்லை. வெண்பா நாலு அடி. டொராண்டோவில் தமிழர் ஒருவர் தொடங்கிய விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ஆட்டத்தின் பெயரே வெண்பா. கனடாவில் குடியேறிய ஒரு தாய், கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி ஊற்றிப் பிள்ளை வளர்க்கும் கதை. அதையும் சிறிது என்று பலர் குறைப்பட்டார்கள். 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. சிறிதாய் இருப்பது அதன் யாப்பு. விலை பற்றிய குறை வேறு, அதில் நியாயம் உண்டு. இங்கே ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல் போய்விடும் விலைக்கு இரண்டு மணி நேரம் என்றால் கேள்வி வரத்தான் செய்யும்.

‘மெதுவாக நடக்கிறது’ என்ற குறைதான் சொல்லாராய்ச்சிக்கு உரியது. 2015இல் டியர் எஸ்தர்காரர்களே எவ்ரிபடீஸ் கான் டு த ரப்சர் வெளியிட்டார்கள். 1984ஆம் ஆண்டு, ஷ்ராப்ஷயர் வட்டாரத்தின் ஒரு சிற்றூர், மனிதர் ஒருவர்கூட மிச்சமில்லை. நாற்காலிகள் இருக்கின்றன, தேநீர்க் கோப்பைகள் இருக்கின்றன, ஒளியாக மட்டும் சில உருவங்கள் வந்து பழைய பேச்சைப் பேசிவிட்டு மறைகின்றன. நடை மிக மெதுவு என்று எங்கும் கூக்குரல். பின்னர் ஒரு செய்தி வெளியானது. ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் நடை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும்படி அவர்கள் செய்திருந்தார்கள், விளையாடுகிறவர்களுக்கு அதைச் சொல்லத்தான் விட்டுவிட்டார்கள். பின்ச்பெக் வருத்தம் தெரிவித்தார். அந்த விசையை அறிந்த பிறகு ஓட்டமும் நடையுமாக முடித்தவர்களுக்கு ஊர் பிடித்துப்போனதா என்று பையனிடம் கேட்டேன். "வேகமா போனா இன்னும் மொக்கையாத்தான் இருக்கும் மாமா. ஓடிப்போய் என்னத்தப் பாக்க?" என்றான். தன்னை அறியாமலே அவன் சரியான இடத்தைத் தொட்டுவிட்டான்.

அதை விளக்க எங்கள் ஊர்ப் பெயரே போதும்.

பனையும் முருங்கையும் நிற்கும் தோட்ட நிலத்துக்கு இந்தத் தென்சீமையில் விளை என்று பெயர். பேச்சில் ‘வெளை’ ஆகும். பண்ணைவிளை, பண்டாரவிளை என்று குமரி வரை எத்தனையோ விளைகள். சிவந்த தேரி மணலைச் சுற்றி மொழி என்று முடியும் ஊர்களும் உண்டு: இட்டமொழி, காயாமொழி, குதிரைமொழி. இவற்றின் நடுவே திசையன்விளை. பெயரின் முதற்பாதி தமிழ் அறிவியலில் இன்று வேறு ஒரு வேலை பார்க்கிறது. அளவும் திசையும் சேர்ந்த கணியத்தைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகம் வெக்டர் என்கிறது. தனித்தமிழில் எழுதுகிறவர்கள் அதைத் திசையன் என்பார்கள். ஊர்ப் பெயருக்கும் அந்தக் கலைச்சொல்லுக்கும் இருப்பது வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆனால் அந்த ஒற்றுமை எனக்கு ஒரு கதவைத் திறந்தது. திரையில் நடக்கிறவனின் ஒவ்வோர் அடியும் ஒரு திசையன். அவன் நிற்கும் இடத்தோடு, போகும் திசையையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டிக் கூட்டித்தான் கணினி அவனை நகர்த்துகிறது, வினாடிக்குப் பலமுறை. மெதுவு என்று குறைப்படுகிறவர் அந்தத் திசையனின் அளவை மட்டும் பார்க்கிறார். பையன் கேட்டது திசையை. ஓடிப்போய் எதைப் பார்க்க?

இலங்கைத் தமிழர் பாடநூலில் வெக்டருக்கு இன்னொரு சொல் இருக்கிறது, ‘காவி’. லத்தீனில் வெக்டர் என்றால் சுமந்து செல்பவன். அதை உணர்ந்து செய்த பெயர்ப்பு அது. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடி அந்தச் சொல்லின் உறவு. அன்றைக்குத் தெருவில் காவடி தோளில் ஏறியிருக்க, திருச்செந்தூர் என்ற ஒரே திசையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களிடம் யாரும் மெதுவாகப் போகிறீர்கள் என்று சொல்வதில்லை. பேருந்தில் போனால் சீக்கிரம் போகலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். 2019 நவம்பரில் ஹிடியோ கொஜிமாவின் டெத் ஸ்ட்ராண்டிங் வந்தபோது, முதுகில் அடுக்கடுக்காகச் சுமையேற்றி மலையும் ஓடையும் கடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதில் வேலை என்று கண்டவர்கள், பெரும்பணம் கொட்டிச் செய்த அந்த ஆட்டத்தையும் வாக்கிங் சிமுலேட்டர் என்றே கேலி செய்தார்கள். சரிவில் சுமை ஒரு பக்கம் சாய்ந்தால் ஆள் விழுவான். நடை அங்கே ஒரு கலை. அதன் நாயகன் பெயரிலேயே சுமைகாரன் இருக்கிறான்: சாம் போர்ட்டர் பிரிட்ஜஸ். யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார் அவனைக் காவி என்றே அழைத்துவிடுவார்.

இனி ‘நடை’க்கு வருகிறேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் கேலிக்கு ஆனதற்குக் காரணம், அங்கே அது காலின் வேலை மட்டும். நம்மிடம் அது வீட்டுக்குள் நுழைகிற இடம். ‘நடையில செருப்ப விடு’ என்பார்கள். கோயிலில் திறப்பதும் சாத்துவதும் நடை. தண்ணீருக்கு ரெண்டு நடை, விறகுக்கு மூணு நடை என்று போய்வருவதை எண்ணும் எண்ணும் அதுதான். ஒருவரின் ஒழுக்கம் நடத்தை. உலகத்தோடு ஒத்துவருவது நடைமுறை. இசையில் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை அப்படியே நிற்க, ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் சதுசிர நடை, மூன்றாகப் பிரித்தால் திசிர நடை, ஐந்தாகப் பிரித்தால் கண்ட நடை. தாளம் நகரும் வேகம் மாறுவதில்லை, உள்ளே நிறைவது மாறுகிறது. மெதுவான ஆட்டத்தின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு பயன்பாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. காலின் வேகம் விளம்பமாக இருக்கலாம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கண்ணுக்கும் காதுக்கும் எத்தனை மாத்திரை நிறைகிறது என்பதே கேள்வி. நிறையாவிட்டால் ஆட்டக்காரர் குறை சொல்வது நியாயம். தீவை அழகாக வரைந்துவிட்டு, பார்க்க எதையும் வைக்காமல், குரலை மட்டும் கனமாக ஓட விடுகிற ஆட்டங்கள் அந்த வகையில் பல வந்தன. அவற்றின் குற்றம் மெதுவு அன்று. வெறுமை.

எழுத்துக்கும் நடைதான். உரைநடை, தனிநடை, எளிய நடை. புதுக்கவிதை பிறந்த நாட்களில் ‘வசனத்தை முறித்து வரிவரியாகப் போட்டால் கவிதையா’ என்று கேட்டவர்கள் நிறைய. இது ஆட்டமே இல்லை, நடை என்று சொல்பவர்களின் குரலும் அதே குரல்: இது கவிதையே இல்லை, உரைநடை. அந்தக் காலத்தில், 1968இல், சேலத்தில் சி. மணி தொடங்கிய சிற்றிதழின் பெயர் நடை. சில இதழ்களே வந்தன. தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றில் அதற்கு அழியாத இடம்.

‘ஆட்டம்’ என்ற சொல்லையும் தட்டிப் பார்க்க வேண்டும். இது ஆட்டமா இல்லையா என்ற வழக்கு ஆங்கிலத்தில் ஓயாததற்கு, அங்கே அந்தச் சொல்லுக்குள் போட்டி குடியிருப்பது ஒரு காரணம். தமிழில் ஆடு என்ற வினை எங்கெல்லாம் போய் ஒட்டுகிறது பாருங்கள். நீராடுகிறோம், ஊசலாடுகிறோம், உரையாடுகிறோம், கொண்டாடுகிறோம். இதில் எதிலும் தோற்றவர் இல்லை. தேரிமணலில் குழந்தைகள் சிறுவீடு கட்டிக் கூட்டாஞ்சோறு பொங்குவதிலும் யாரும் வெல்வதில்லை. சிற்றில் என்று அதற்குப் பெயர், பிள்ளைத்தமிழில் ஒரு பருவமே அதன்மேல் கட்டப்பட்டது. தொல்காப்பியம் உவகை பிறக்கும் நான்கு இடங்களை வகுக்கும்போது விளையாட்டை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. வெற்றியை அங்கே தேடினால் கிடைக்காது. விளையாட்டு என்ற சொல்லை, நெல்லைச் சீமையின் சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த தேவநேயப் பாவாணர், விரும்பி ஆடுவது என்று பிரித்தார். விளை என்பது அவருக்கு விழைவு. எங்கள் ஊர் விளைக்கு அது பொருளில்லை என்றாலும், அந்த விளையில் வளர்ந்தவனுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன.

பிறகு, தமிழில் இந்த வகைக்கு என்ன பெயர் வைப்பது? நடைப் பாவிப்பான் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வசவும் இல்லை, வாழ்வும் இல்லை. உலா என்று சொல்லிப் பார்த்தேன். உலாவில் தலைவன் வீதியில் வர, ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்ப்பார்கள். இந்த ஆட்டத்தில் நடக்கிறவனைப் பார்க்க யாருமே இல்லை. அவன்தான் பார்க்கிறான். உலாவுக்கு நேர் எதிர்.

ஆற்றுப்படை மிக நெருங்கி வந்தது. ஆறு என்றால் வழி. வழியில் செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி இந்த வகை. அவற்றில் மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 583 அடி. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் கூத்தர் தலைவனைப் பார்த்து ‘நீ’ என்று பேசுகிறான். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பகலில் போ. தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் வரும், மரத்தில் மறைந்து போ. வழுக்கும் பாறையில் கொடியைப் பிடித்துக்கொள். முழுக்க முழுக்க நடை. முழுக்க முழுக்கப் பார்வை. கேட்கிறவன் ஓர் அடிகூட இன்னும் வைக்கவில்லை, ஆனால் மலை முழுதும் அவன் காலடியில் விரிகிறது. பெருங்கௌசிகனார் செய்தது இதுதான்: நடையைச் சொல்லால் போலச் செய்து காட்டினார். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு மூன்று வழிகளை விரித்துச் சொல்ல, கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் ஒன்றைத் தேர்ந்து நடக்கிறார்கள். 2013இல் வந்த த ஸ்டான்லி பேரபிள் ஆட்டத்தில், இரண்டு கதவுகளின் முன் நிற்கும் ஸ்டான்லி இடக்கதவில் நுழைந்தான் என்று கதைசொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். கேட்பதா, மீறுவதா என்பதுதான் அங்கே ஆட்டம். வழி சொல்பவனும் நடப்பவனும் தமிழ்க் கதைக்குப் பழைய சோடி. ஆனாலும் ஆற்றுப்படையின் முடிவில் ஒரு வள்ளல் இருக்கிறான், சோறும் யானையும் தருகிறான். டியர் எஸ்தர் தீவின் கடைசியில் இருப்பது சிவப்பு விளக்கு எரியும் ஒரு கம்பிக் கோபுரம் மட்டும். இன்று மனத்துயருக்கு வழி காட்டுகிறவரை ஆற்றுப்படுத்துநர் என்கிறோம். அந்தப் புதிய பொருளில் வேண்டுமானால் இந்தக் கடித ஆட்டம் ஓர் ஆற்றுப்படைதான்.

கடைசியில் பையன் வாயில் வந்த சொல்லுக்கே திரும்பினேன். நடமாட்டம். நடமாடு என்பதற்கு அகராதி இரண்டு பொருள் தருகிறது, கூத்தாடுதல், உலாவுதல். நடமும் நடையும் ஆட்டமும் ஒரே சொல்லுக்குள் கூடி நிற்கின்றன. ‘ஆள் நடமாட்டம்’ என்று சேர்த்துச் சொன்னால் ஓர் இடத்தில் மனிதர் இருப்பதன் அறிகுறி. இந்த வகை ஆட்டங்கள் எல்லாவற்றிலும் அது இல்லை. தீவு வெறிது, வீடு வெறிது, ஊர் வெறிது. இருந்த நடமாட்டத்தின் தடயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன: கடிதம், கோப்பை, கசங்கிய தாள். அங்கே நடமாடுகிற ஒரே ஆள் விளையாடுகிறவர். அவர் நுழைந்ததால்தான் அந்த இடத்துக்கு நடமாட்டம் வருகிறது. ஒரு வகையின் இயல்பை இவ்வளவு உள்ளிருந்து சொல்லும் பெயர் ஆங்கிலத்திலும் இல்லை. நடமாட்ட ஆட்டம் என்று நீட்ட வேண்டியதில்லை, ஆட்டம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 2025இல் வந்த பேபி ஸ்டெப்ஸ் போல, இடக்காலையும் வலக்காலையும் தனித்தனி விசையால் தூக்கி வைத்து விழுந்து எழும் ஆட்டத்துக்கு வேண்டுமானால் வாக்கிங் சிமுலேட்டர் என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். நடையைப் போலச் செய்வது உண்மையில் அதுதான்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னபோது பாதிக்கு மேல் கேட்கவில்லை. கேட்டவள் அம்மா. கட்டிலைத் திரைப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். பாறையும் புல்லும் கடலும் வந்ததும், "இது மணப்பாட்டுக் கடற்கரையால?" என்று பேரனைக் கேட்டாள். மணப்பாட்டில் கடலோரம் மணற்குன்று, மேலே திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். ஐம்பது வருசத்துக்கு முன்னால் அவள் அங்கே காலாற நடந்திருக்கிறாள். "இல்ல ஆச்சி, வெளிநாடு" என்றான் இவன்.

"எந்த ஊரா இருந்தா என்ன. ஏம்ல அவசரப்படுத? அந்தக் குகைக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போ."

அவன் திரும்பினான். குகைக்குள் போனான். சுவரில் நீர் வழிந்தது, மெழுகுவத்திகள் எரிந்தன. அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன இடத்தில் எல்லாம் அவன் நின்றான், சொன்ன பக்கம் எல்லாம் திரும்பினான். அவன் நிற்கும்போது மட்டும் தன் காலைக் கையால் லேசாகத் தடவிக்கொண்டாள். முடிந்து திரை இருண்டபோது இரவு பத்து மணி. தெருவில் இன்னும் அரோகரா கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளைக்கு இன்னொரு நடை போயிட்டு வருவமால?" என்றாள்.